திரும்பி வரும் எண்ணெய்

1928ஆம் ஆண்டின் ஃபோர்டு மாடல் ஏ கார் ஒன்றின் எதிரில் நிற்கும்போது கண் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிக்கல் பூசிய ரேடியேட்டர் முகம், உருண்டு திரண்ட இரண்டு விளக்குகள், கம்பி ஆரங்களைப் பற்றவைத்துச் செய்த மெலிந்த சக்கரங்கள். எல்லாவற்றையும் ஆசைதீரப் பாருங்கள். பார்த்து முடித்ததும் என்ஜின் மூடியைத் தூக்கி, ஸ்டியரிங் தண்டு சரிந்து இறங்கி எங்கே போய் முடிகிறது என்று தேடுங்கள். சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கிய சின்ன இரும்புப் பெட்டி ஒன்று தெரியும். பளபளப்பு இல்லை, பெயர்ப் பொறிப்பு இல்லை. மேலே ஒரு திருகு மூடி மட்டும். அந்த மூடியைக் கழற்றி ஒரு கம்பியை உள்ளே விட்டு எடுத்தால் கம்பியின் நுனியில் ஒரு துளி தொங்கும். விழவும் மனமில்லாமல், நிற்கவும் மனமில்லாமல் நீண்டு நீண்டு இறங்கும் அந்தத் துளி ஒரு முழுக் கலைக்குச் சாட்சி. நாம் பார்க்கப் போவது அதைத்தான்.

முதலில் அந்தத் துளி குடியிருக்கும் வீட்டைப் பார்ப்போம். பெட்டிக்குள் இருப்பவை இரண்டே முக்கிய உறுப்புகள். ஸ்டியரிங் தண்டின் அடிமுனையில் திருகு மரைபோலச் சுற்றிச் சுற்றி வெட்டிய எஃகு உருளை ஒன்று. வார்ம் என்று பட்டறைகளில் அழைப்பது இதைத்தான். அதன் சுருளுக்குள் பல்லைப் பதித்துக்கொண்டு குறுக்காக நிற்கிறது ஒரு பற்சக்கரத்தின் துண்டு. முழுச் சக்கரம் அங்கே தேவைப்படவில்லை. முன் சக்கரங்கள் இடமும் வலமும் திரும்புகிற அளவுக்கு ஒரு வில் போதும். மாடல் ஏ காரின் தொடக்க வண்டிகளில் இந்த வில்லுக்கு ஏழு பற்கள். 1929இல் இரண்டே பற்கள் கொண்ட இன்னொரு வடிவம் அந்த இடத்துக்கு வந்தது. ஏழு செய்த வேலையை இரண்டு செய்கிறது என்பதில் ஓர் எளிமையின் அழகு இருக்கிறது. இரண்டு பற்களும் பெரிதாய், அகன்று, நிதானமாய் அந்தச் சுருளைத் தழுவி நிற்கின்றன. கை ஸ்டியரிங்கைச் சுற்றுகிறது, சுருள் சுழல்கிறது, பல் மெல்ல நகர்கிறது, பல்லைச் சுமக்கும் தண்டு பெட்டிக்கு வெளியே வந்து ஒரு கரத்தை அசைக்கிறது. பெரிய சுற்று ஒன்று சின்ன அசைவாகவும், கையின் சிறு பலம் சக்கரத்தைத் திருப்பும் பெரும் பலமாகவும் உருமாறுகிற இடம் இது.

இப்போது அந்த இரண்டு எஃகு முகங்களும் தொட்டுக்கொள்ளும் கோட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். சாதாரணப் பற்சக்கரங்கள் இரண்டு கூடும்போது பல்லின்மேல் பல் பெரும்பாலும் உருண்டுபோகும். சுருளும் பல்லும் கூடும்போது அப்படி இல்லை. அங்கே நடப்பது வழுக்கல். சுருளின் முகம் பல்லின் முகத்தைத் தடவிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் நீளமான, மெதுவான, அழுத்தமான ஒரு தடவல். இயந்திரங்களில் இதைவிடக் கடினமான தொடுகை குறைவு. இதைவிட நளினமானதும் குறைவு.

எண்ணெயின் வேலையைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்கும் கதை வேறு. 1880களில் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்கை ஆராய்ந்தபோது, அதன் தலையில் இருந்த துளையை அடைத்த கட்டை தானாக மேலே கிளம்பி வந்தது. சுழலும் அச்சு எண்ணெயைத் தனக்கும் பேரிங்குக்கும் நடுவே இழுத்துக்கொண்டுபோய் அழுத்தம் ஏற்ற, அந்த எண்ணெய்ப் படலத்தின் மேலேயே பேரிங் மிதந்துகொண்டிருந்தது. அதன் கணிதத்தை ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் எழுதிக் காட்டினார். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அந்த மிதப்புக்கு ஓயாத ஓட்டம் வேண்டும். ஸ்டியரிங் பெட்டியில் ஓயாத ஓட்டம் ஏது? கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம், நடுவில் ஒரு நிற்றல், மறுபடி எதிர்த்திசை. ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் வேகம் சுழியைத் தொடுகிறது; படலம் உருவாவதற்குள் அழுத்தம் அதைப் பிதுக்கிவிடுகிறது. அப்போது எஃகுக்கும் எஃகுக்கும் நடுவே மிஞ்சுவது மூலக்கூறு கனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு மென்பூச்சு மட்டும். இந்த எல்லை நிலை உயவுக்கு 1922இல் வில்லியம் ஹார்டி பெயர் சூட்டினார். ஆகவே இந்தப் பெட்டிக்கு ஏற்ற எண்ணெய் தடிமனாக இருப்பது மட்டும் போதாது. பிதுக்கித் தள்ளினாலும் ஒரு துளி விசுவாசத்தோடு உலோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. எந்தக் காரும் தன் ஆயுளில் பெரும்பகுதியை நேராக ஓடித்தான் கழிக்கிறது. வளைவுகள் நினைவில் நிற்கும். தூரம் சேர்வது நேர்ச்சாலையில். அதனால் சுருளின் நடுப்பகுதியும் பல்லின் நடுப்பகுதியும்தான் ஓயாமல் உரசுகின்றன. ஓரங்கள் பட்டறையில் வெட்டிய கோடுகள்கூட அழியாமல் புதிதாய் இருக்க, நடு மட்டும் தேய்ந்து மின்னுகிறது. வடிவமைப்பாளர்கள் இதை அறிந்தவர்கள். நல்ல ஸ்டியரிங் பெட்டிகளில் நடுவில் பொருத்தம் இறுக்கமாகவும் ஓரங்களில் சற்றுத் தளர்வாகவும் அமையும்படி வெட்டினார்கள். நடு தேய்ந்த பிறகு இறுக்கம் கூட்டினாலும் ஓரத்தில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க அந்த இடைவெளி. ஆஸ்டின் செவன் காரில் இதைவிட இனிய ஏற்பாடு ஒன்று உண்டு: வில்லுக்குப் பதில் முழுச் சக்கரத்தையே வைத்தார்கள். ஒரு பக்கம் தேய்ந்தால் கழற்றிக் கால்வட்டம் திருப்பி மாட்டலாம், புதுப் பற்கள் முன்னுக்கு வரும். தேய்மானத்தை முன்கூட்டியே மதித்து அதற்கு ஆசனம் போட்டு வைத்த கை எவ்வளவு பண்பட்ட கை!

எண்ணெய்க்கு இதன் பொருள் என்ன? மிக இறுக்கமான இடமும் மிகச் சிறிய அசைவும் ஒரே புள்ளியில் கூடுகின்றன. நேர்ச்சாலையில் ஸ்டியரிங் ஆடுவது விரலகலம். அந்த விரலகல ஆட்டத்தில் சுருள் எண்ணெயை மறுபடி மறுபடி இரண்டு பக்கமும் ஒதுக்குகிறது. ஒதுக்கப்பட்டது தானாகத் திரும்பி வர வேண்டும். ஸ்டியரிங் பெட்டிக்கு உயவுப்பொருள் தேர்ந்தெடுக்கும் கலை முழுவதையும் நான் இந்த ஒரு பண்பில்தான் பார்க்கிறேன்: போகச் சொன்னால் போய், கூப்பிடாமலேயே திரும்பி வருவது.

இந்தப் பண்பு இல்லாதது எப்படி இருக்கும் என்பதையும் கண்ணால் பார்க்க வேண்டும். அப்போதுதான் இருப்பதன் அருமை விளங்கும். பழைய பெட்டிகள் பலவற்றை யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தோடு சாதாரணக் கிரீஸால் நிரப்பி வைத்திருப்பார். கிரீஸ் ஒழுகாது; தரையில் கறை படாது. பெட்டியைப் பிரித்தால் உள்ளே மஞ்சளாகவோ பழுப்பாகவோ கிரீஸ் ததும்பி நிற்கும், குறை ஒன்றும் தெரியாது. சுருளை மெல்ல வெளியே எடுங்கள். அது நின்ற இடத்தில் கிரீஸுக்குள் ஒரு குடைவு. சுவர்கள் செங்குத்தாக, வழவழவென்று, சுருளின் வடிவத்தை அச்சாக எடுத்துக்கொண்டு நிற்கும். அந்தக் குடைவுக்குள் சுருளின் முகம் துடைத்துவைத்த எஃகாக, காய்ந்து மின்னும். சுற்றிலும் செழிப்பு, தொடும் இடத்தில் மட்டும் வறட்சி. முதல் சில திருப்பங்களில் ஒதுங்கிய கிரீஸ் ஒதுங்கியது ஒதுங்கியதுதான். தன் சொந்த விறைப்பால் நின்றுவிட்டது.

எதிர்முனையில் மெல்லிய எண்ணெய். அது திரும்பி வரும். திரும்பி வந்த கையோடு வெளியேயும் போய்விடும். மாடல் ஏ பெட்டியில் பல்லைச் சுமக்கும் தண்டு வெளியே வருமிடத்தில் இன்று நாம் பழகிய உதடுள்ள ரப்பர் சீல் கிடையாது. அதோடு இன்னொரு வழியும் உண்டு, அது அந்தக் காரின் மிக அழகான யோசனைகளில் ஒன்று. ஸ்டியரிங்கின் நடுவில் ஹாரன் பொத்தான். அதைச் சுற்றி விளக்குகளை மாற்றும் சின்னக் கைப்பிடி. அந்தக் கைப்பிடியின் கம்பி, உள்ளீடற்ற ஸ்டியரிங் தண்டின் நடுவே ஒரு குழாய்க்குள் ஒளிந்து இறங்கி, சுருளின் நடுவையும் கடந்து, பெட்டியின் அடித்தட்டைத் தாண்டிப்போய் அங்கே மாட்டியிருக்கும் விளக்குச் சுவிட்சைத் திருப்புகிறது. ஓட்டுகிறவரின் கட்டைவிரல் எட்டும் தூரத்தில் எல்லாம். ஆனால் அந்தக் குழாய் அடித்தட்டோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் கண்டாலும் எண்ணெய்க்கு அது வாசல். 1950களின் டிரையம்ஃப் டிஆர்2, டிஆர்3 கார்களிலும் இதே பரம்பரை தொடர்கிறது. ஹாரனுக்கும் திருப்ப விளக்குக்குமான வயர்கள் ஒரு நடுக்குழாய் வழியே பெட்டியைத் துளைத்துக் கீழே வெளிவரும். அந்தக் குழாயை இறுக்கும் நட்டின் அடியில் ஒரு துளி தொங்காத டிஆர் அபூர்வம்.

ஒழுகாமல் நிற்பதும் ஒதுங்காமல் திரும்புவதும் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வரங்கள். இரண்டையும் ஒரே பொருளிடம் கேட்டார்கள். ஒரு பொருள் கொடுத்தது. அதன் பெயர் 600 டபிள்யூ.

இந்த எண்ணெயின் பிறப்பு காருக்கும் முந்தையது. 1866இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் மேத்யூ யூவிங், ஹைரம் எவரெஸ்ட் இருவரும் வேக்யூம் ஆயில் கம்பெனியைத் தொடங்கினார்கள். கச்சா எண்ணெயை வெற்றிடத்தில் காய்ச்சினால் குறைந்த சூட்டிலேயே மெல்லிய பகுதிகள் ஆவியாகிப் போகும். அடியில் தங்கும் கனத்த பகுதி கருகாமல், தன் உயிர் கெடாமல் கிடைக்கும். அப்படிக் கிடைத்ததைக் குதிரைச் சேணத் தோலுக்குப் பூசினார்கள், பிறகு நீராவி என்ஜின்களின் சிலிண்டருக்குள் விட்டார்கள். சூடான நீராவி ஓயாமல் அடித்துக் கழுவும் உலோகச் சுவரில் ஒட்டி நிற்க வேண்டிய எண்ணெய் அது. அந்தக் குடும்பத்தின் புகழ்பெற்ற பிள்ளைதான் 600 டபிள்யூ சிலிண்டர் எண்ணெய். மாடல் ஏ காரின் கியர் பெட்டிக்கும் பின்னச்சுக்கும் ஸ்டியரிங் பெட்டிக்கும் நீராவி யுகத்தின் இந்தச் சீதனம் வந்துசேர்ந்தது. 600 என்பதை இன்றைய எஸ்.ஏ.இ. எண்ணாகப் படித்துவிடக் கூடாது. அது ஒரு சரக்கின் பெயரில் இருந்த எண். பாகுத்தன்மையில் அதன் உண்மையான உறவினர்களை இன்றைய ஐ.எஸ்.ஓ. வரிசையில் 460, 680 என்ற படிகளில் தேடலாம். அந்த எண்களுக்கு நேரடியான பொருள் உண்டு: 40 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெய் எத்தனை சென்டிஸ்டோக் பாகுத்தன்மை கொண்டது என்பது.

ஒரு தேக்கரண்டியில் எடுத்துப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கருமைக்குள்ளிருந்து ஒரு பச்சை எழுந்துவரும், ஆழக்கிணற்றில் வெயில் இறங்கும் நேரத்து நிறம். சாய்த்தால் உடனே கிளம்பாது. ஒரு கணம் யோசிக்கும். பிறகு விளிம்பில் ஒரு கழுத்து திரண்டு, முறியாத ஒரே நாடாவாக இறங்கி, தட்டில் மடிந்து மடிந்து அடுக்காகி, அந்த அடுக்குகள் ஒவ்வொன்றாகத் தங்கள் அடையாளத்தைக் கரைத்துக்கொண்டு மட்டமான கண்ணாடியாகும். கடைசி மடிப்பு மறைய எடுத்துக்கொள்ளும் அந்தச் சில நொடிகள்தான் நாம் விலைகொடுத்து வாங்குவது. சுருள் பிளந்துவிட்டுப் போன பள்ளத்தை அது மூடுவதும் அதே நிதானத்தில்தான். தண்டின் ஓரத்து நுண்ணிய இடைவெளியில் புகுந்து வெளியேறுவதற்குள் வண்டி எத்தனையோ ஊர் கடந்திருக்கும். பள்ளத்தை மூட மட்டும் அதற்கு நேரம் போதும். ஒரே நிதானம் இரண்டு வேலைகளையும் முடித்துவிடுகிறது.

நீராவி சிலிண்டருக்கென்று தயாரித்தபோது அந்தக் கனிம எண்ணெயில் கொஞ்சம் விலங்குக் கொழுப்பைச் சேர்ப்பது வழக்கம். ஈரமான நீராவியோடு கலந்து இழைந்து சுவரில் பற்றிக்கொள்ள அந்தக் கொழுப்பு உதவியது. இந்தச் சிறு சேர்க்கையின்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கொழுப்பின் மூலக்கூறுக்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலைக்கு உலோகத்தின்மேல் ஈர்ப்பு. எஃகின் முகத்தில் தலைகளைப் பதித்து, வால்களை வெளியே நீட்டி, அவை அணிவகுத்து நிற்கின்றன. கனிம எண்ணெய் பிதுங்கி விலகிய பின்னும் அந்த அணி கலைவதில்லை. ஹார்டி பேசிய எல்லை நிலையில் இரண்டு முகங்களையும் காப்பது இதுதான். வார்ம் கியர்களுக்கு அமெரிக்கப் பற்சக்கர உற்பத்தியாளர் சங்கம் வகுத்த பட்டியலில், 7, 8 என்ற எண்களோடு கொழுப்புச் சேர்த்த எண்ணெய்கள் இன்றும் இடம்பெறுகின்றன, அவற்றின் ஐ.எஸ்.ஓ. படிகள் முறையே 460, 680. நீராவிக் காலத்தில் கைப்பக்குவமாகக் கண்டடைந்த கலவை, நவீன அட்டவணையில் அதே கட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. தொழிற்சாலைகளுக்கு எண்ணெய் விற்கும் கடையில் கேட்டால் பீப்பாயாகவே கிடைக்கும்.

கடை அலமாரியில் எளிதாக அகப்படுவது ஜி.எல். 5 தரத்து கியர் எண்ணெய். அது கனத்த அழுத்தம் தாங்கும் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்தது. பின்னச்சுகளில் அதன் திறமைக்கு ஈடில்லை. ஆனால் பழைய பெட்டிகள் பலவற்றில் தண்டைத் தாங்குபவை வெண்கலப் புஷ்கள். செம்பு கலந்த உலோகத்துக்கும் துடிப்பான கந்தகத்துக்கும் நல்லுறவு இல்லை. ஸ்டியரிங் பெட்டி சூடேறுவதில்லை என்பதால் பாதிப்பு மெதுவாகவே நேரும். இருந்தாலும் நூறு ஆண்டைத் தொடப்போகும் உலோகத்துக்கு மென்மையான துணையைத் தேடித் தருவதே முறை.

இந்தக் கந்தகக் குணத்தைக் கண்டறிய ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை செய்கிறார்கள். அதன் வண்ணங்களுக்காகவே அதை இங்கே நிறுத்திப் பார்க்கத் தோன்றுகிறது. தேய்த்து மெருகேற்றிய செம்புப் பட்டை ஒன்றை எண்ணெயில் அமிழ்த்தி, குறித்த சூட்டில் சில மணி நேரம் வைத்திருந்து எடுக்கிறார்கள். பிறகு அதன் நிறத்தை ஓர் அளவுப் பலகையோடு ஒப்பிடுகிறார்கள். சாதுவான எண்ணெயில் பட்டை புதுச் செம்பின் இளஞ்செம்மஞ்சளாகவே வெளிவரும். சற்றுக் காரமானதில் ஆழ்ந்த செம்மஞ்சள். அடுத்து திராட்சை மதுவின் சிவப்பு. அதற்கடுத்து ஊதாவின் சாயல். பிறகு வெள்ளி, பொன். இன்னும் கடுமையானதில் சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று கலந்து மயில் கழுத்தாக மாறும். கடைசியில் மினுக்கும் கருமை. ஓர் எண்ணெயின் குணத்தைச் செம்பு தன் மேனியில் வண்ணமாக எழுதிக் காட்டுவதை நினைக்கையில், இந்தச் சோதனையை வகுத்தவர்களுக்கு ஒரு சித்திரக்காரனின் கண் வாய்த்திருந்ததாக எனக்குத் தோன்றும். நம் பெட்டிக்கு நாம் விரும்புவது அந்த முதல் இளஞ்செம்மஞ்சளைத்தான்.

தண்டும் புஷ்ஷும் நன்றாகத் தேய்ந்துபோன பெட்டியில் 600 டபிள்யூவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அப்போது ஓடும் கிரீஸின் உதவியை நாடலாம். கிரீஸ் என்றாலே விறைப்பானது என்று எண்ண வேண்டாம். அதற்கும் படிகள் உண்டு. கூர்முனைக் கூம்பு ஒன்றை 25 டிகிரி சூட்டில் இருக்கும் கிரீஸின் மேல் வைத்து விடுவிக்கிறார்கள். 5 நொடியில் அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவில் எண்ணுகிறார்கள். சக்கர பேரிங்குக்கு நாம் வைக்கும் 2ஆம் எண் கிரீஸில் அது 265 முதல் 295 வரை இறங்கும். 0 என்ற எண்ணில் 355 முதல் 385. 00 என்று இரட்டைச் சுழி போட்ட கிரீஸில் 400 முதல் 430. இந்த இரட்டைச் சுழியில்தான் மாயம் இருக்கிறது. கரண்டியில் எடுத்தால் குவிந்து நிற்கப் பார்க்கும். நிற்க முடியாமல் தளர்ந்து பரவும். கம்பிப் பதம் வருவதற்குச் சற்று முன்னால் இறக்கிவைத்த கருப்பட்டிப் பாகு இப்படித்தான் இருக்கும்.

அது அப்படி நடந்துகொள்வதன் காரணம் அதன் உள்ளே இருக்கிறது. கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்துவைத்திருக்கும் மிக நுண்ணிய இழைகளின் காடு. லித்தியம் கிரீஸின் இழைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் முறுக்கிய கயிறுகளாகத் தெரியும். சுருள் அழுத்திக் கடக்கும்போது இழைகள் ஒன்றையொன்று விட்டுவிட்டு எண்ணெயை ஓடவிடுகின்றன. அசைவு நின்றதும் மறுபடி கைகோத்துக்கொள்கின்றன. உழைக்கும்போது எண்ணெய், ஓய்வில் கிரீஸ். அந்த இழைகளின் மூலப்பொருள் எது என்று கேட்டால் நம் ஊர் வேலியோரம் வரை போக வேண்டும். லித்தியம் கிரீஸுக்குப் பெரிதும் பயன்படும் கொழுப்பமிலம் ஆமணக்கு எண்ணெயில் இருந்து வருகிறது. விளக்கெண்ணெய்க்கு ஹைட்ரஜன் ஏற்றினால் கிடைக்கும் அமிலத்தின் பன்னிரண்டாவது கார்பனில் ஒரு சிறு கைப்பிடிபோல ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து நிற்கும். இழைகள் ஒன்றையொன்று பற்றி முறுக்கிக்கொள்வதற்கு அந்தப் பிடி துணைசெய்கிறது. கட்டைவண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மசகு இட்ட நம் முன்னோரும், உலகின் பழைய கார்களைப் பேணுகிறவர்களும் ஒரே செடியின் விதையைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

எல்லா ஸ்டியரிங்குக்கும் இந்தப் பதம்தான் என்று கொள்ளக் கூடாது. மாடல் ஏ வருவதற்கு முன் ஓடிய மாடல் டி காரில் ஸ்டியரிங் கியர் அடியில் இல்லை; ஓட்டுகிறவரின் கைக்கு அருகே, சக்கரத்தின் குமிழுக்குக் கீழேயே சின்னஞ்சிறு பற்சக்கரங்கள் ஒன்றைச் சுற்றி ஒன்று ஓடும். அங்கே எண்ணெய் ஊற்றினால் தண்டு வழியே இறங்கிக் கால்சட்டையில் விழும். அந்த உயரத்துக்குக் கிரீஸ்தான் பொருத்தம். இன்னொரு பக்கம் 1940ஆம் ஆண்டு கேடிலாக் காரில் வந்த சாகினா பெட்டி. அதில் சுருளுக்கும் நட்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் வரிசையாக உருள்கின்றன. வரிசையின் கடைசியை எட்டிய குண்டு ஒரு குழாய்க்குள் நுழைந்து தொடக்கத்துக்கே திரும்பி வந்துவிடுகிறது. எண்ணெயிடம் நாம் கேட்ட குணத்தை இங்கே எஃகுக்கே கற்றுக்கொடுத்துவிட்டார்கள்! வழுக்கல் போய் உருளல் வந்துவிட்டதால் இந்தப் பெட்டிகள் இலகுவான எண்ணெயிலேயே மகிழ்ந்திருக்கும். லேண்ட் ரோவர் போன்ற வண்டிகளின் குண்டுப் பெட்டிகளுக்கு எஸ்.ஏ.இ. 90ஆம் எண் கியர் எண்ணெய் போதும்.

நம் இரண்டு பற்களிடம் திரும்பி வருவோம். ஓடும் கிரீஸ்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று வயலில் இருந்து வந்தது. மக்காச்சோளம் அறுவடை செய்யும் இயந்திரத்தின் முகப்பில் வரிசை வரிசையாகச் சின்ன கியர் பெட்டிகள் இருக்கும். தூசி, சருகு, அதிர்வு, தேய்ந்த சீல்கள். அவற்றுக்காக ஜான் டியர் நிறுவனம் ஒரு கிரீஸ் தருகிறது. அமெரிக்காவின் பழைய கார் அன்பர்கள் அந்தக் குப்பியைத் தங்கள் ஸ்டியரிங் பெட்டிக்குக் கொண்டுவந்தார்கள். சோள வயலில் கசியும் பெட்டிக்கும் பழைய ஃபோர்டின் கசியும் பெட்டிக்கும் தேவை ஒன்றுதான் என்று கண்டுகொண்ட பார்வை கூர்மையானது. ஆஸ்திரேலியாவின் பென்ரைட் நிறுவனமோ பழைய ஸ்டியரிங் பெட்டிக்கென்றே ஓர் அரைத்திரவத்தைத் தயாரித்து விற்கிறது.

எதை ஊற்றினாலும் பழையதை முழுதும் கழுவி எடுத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். ஒரு குடும்பத்து இழையும் இன்னொரு குடும்பத்து இழையும் சேர்ந்தால் சில சமயம் இரண்டும் பிடிவிட்டுத் தண்ணீராகிவிடும். மண்ணெண்ணெயில் தோய்ந்த தூரிகையால் சுருளின் பள்ளங்களைத் துடைத்துக்கொண்டு போகும்போது எஃகின் பழைய முகம் வெளியே வரும். நடுவில் ஓடிய ஆண்டுகளின் மெருகு, ஓரங்களில் முதல் நாள் கோடுகள். பெட்டி காய்ந்ததும் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்கள் அந்தரத்தில் இருக்க, குப்பியை வெயிலில் வைத்து இளக்கிய எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். கொஞ்சம் ஊற்றி, ஸ்டியரிங்கை இடக்கோடி முதல் வலக்கோடி வரை நிதானமாகத் திருப்பி, மட்டம் இறங்கியதும் மறுபடி கொஞ்சம். சுருளின் அடியில் ஒளிந்திருந்த காற்று பெரிய சோம்பேறிக் குமிழிகளாக எழுந்து வெடிக்கும். முதல் திருப்பத்தில் கையில் தட்டிய சொரசொரப்பு ஒவ்வொரு சுற்றிலும் குறைந்து, கடைசியில் ஒரு கனமான மென்மையாக மாறுவதை விரல்களே சொல்லும்.

தண்டும் குழாயும் உறுதியாக உள்ள பெட்டிக்கு நான் கொழுப்புச் சேர்த்த 680 எண்ணெயைத்தான் விரும்புகிறேன். கைக்கு அது தரும் உணர்வில் ஓர் ஈரம், ஒரு உயிர் இருக்கிறது. புஷ் தளர்ந்த பெட்டிக்கு இரட்டைச் சுழி கிரீஸ். குளிர்நாட்டுப் பனிக்காலத்தில் ஓடும் காருக்கு 460 போதும், 680 அங்கே காலையில் கைக்குப் பாரமாக இருக்கும். மூடியைத் திருகும் முன் துளையின் விளிம்புக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள். வெயிலில் எண்ணெய் விரியும், விரிந்ததற்கு வெளியேறும் வழியைத் தவிர வேறு இடமும் வேண்டும். மறுநாள் மூடியைத் திறந்து மட்டத்தை இன்னொரு முறை பார்த்து, குறைந்த அளவுக்கு ஊற்றி நிரப்பிவிடலாம்.